கோட்டையின் ஏழாம் தளம்

இரும்புலியூர்,
9.6.2024

அன்புள்ள சந்திரிகாவுக்கு,

நான் சுகம். நீயும் உதயாவும் மருமகளும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் உன் பெயரைச் சொல்கிறேன். போனில் உன் குரல் எனக்குப் பாதிதான் விழுகிறது. காதில் மாட்டிய மெஷின் கீச்சென்று கத்துகிறது. அதனால்தான் கடிதம்.

ஒரு சந்தோஷ சமாச்சாரம். நம் கம்ப்யூட்டர் ஓடுகிறது!

எதுவென்று கேட்காதே. தொண்ணூற்றைந்தில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான் அசெம்பிள் செய்து வாங்கிய அதே 486தான். பரணிலிருந்து இறக்கி மூடியைத் திறந்தால், மதர்போர்டிலிருந்த குட்டி பேட்டரி கசிந்து செம்பு வரிகளை எல்லாம் பச்சையாக அரித்து வைத்திருந்தது. கெமிஸ்ட்ரி டீச்சருக்கு இதெல்லாம் ஒரு பயமா? வினிகரைத் தொட்டுத் தொட்டு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்தேன். அறுந்துபோன வரிகளுக்கு மெல்லிய வயர் வைத்துப் பற்றவைத்தேன். ஒரு மாதம் ஆயிற்று. மானிட்டரை மட்டும் மேற்குத் தாம்பரத்தில் டிவி ரிப்பேர் பார்க்கும் வடிவேலுவிடம் கொடுத்தேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? “இன்னா டீச்சர், இத்த இன்னும் தூக்கிப் போடலியா? டியூப் நல்லாத்தான் கீது. ஆனா இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?”

“விளையாடப் போறேன்” என்றேன். சிரிக்கக்கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டான்.

ஸ்விட்சைப் போட்டதும் மெமரியை எண்ணும் அந்த டிக் டிக் சத்தம் கேட்டு, ஹார்டு டிஸ்க் முனகி எழுந்ததும், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முன்பக்கம் வேகம் 66 என்று சிவப்பில் எரிகிறது. டர்போ பட்டனை அமுக்கினால் 33. தேதி மட்டும் ஒவ்வொரு முறையும் 1980 ஜனவரி ஒன்றுக்குப் போய்விடுகிறது. போகட்டும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து நாம் ஆடுவோமே, அந்தக் கோட்டை விளையாட்டு அப்படியே இருக்கிறது. நாம் விட்ட ஏழாம் தளம்கூட! நீ கிராஃப் நோட்டில் வரைந்த வரைபடங்களும் இருக்கின்றன. எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறாய்! கதவுகளுக்குப் பச்சை, பொறிகளுக்குச் சிவப்பு.

உடனே எழுது.

என்றும் அன்புடன்,
சாராள்


புனே,
2.7.2024

மதிப்புக்குரிய சாராள் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். நீங்கள் எப்போதும் போலத்தான் இருக்கிறீர்கள். பேட்டரி கசிவில் ஆரம்பித்து பேட்டரி கசிவிலேயே முடிக்காமல் என்னையும் இரண்டு வரி விசாரித்திருக்கிறீர்களே, அதற்கே சந்தோஷம். சும்மா சொன்னேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே ஒன்பதாவது மாடி. உதயாவும் வெண்ணிலாவும் எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்லக்கூடாது. வேண்டியதெல்லாம் போனிலேயே வரவழைத்து வைத்துவிடுகிறார்கள். கறிவேப்பிலை வாங்கக்கூட நான் கீழே இறங்க வேண்டியதில்லை. லிப்டில் யாராவது இந்தியில் ஏதோ கேட்பார்கள், நான் தலையாட்டுவேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தித் தொண்டை கட்டிய எனக்கு, இப்போது சாயங்காலம் வரை தொண்டைக்கு வேலையே இல்லை. உங்களுக்கு எழுதினால் தபால்பெட்டி வரை நடக்கலாம். அதற்காகவாவது அடிக்கடி எழுதுவேன்.

இருமல் இருந்ததே, போயிற்றா? மத்தியானம் சமைக்கிறீர்களா, இல்லை காலையில் வைத்த கஞ்சியேதானா? உங்கள் வீட்டு முன்னறையில் வேப்பமரத்து வெளிச்சம் விழுமே, அந்த ஜன்னல் இன்னும் இருக்கிறதா?

அன்புடன்,
சந்திரிகா


இரும்புலியூர்,
4.8.2024

அன்புள்ள சந்திரிகாவுக்கு,

இருமல் போய்விட்டது. ஜன்னல் இருக்கிறது.

ஒரு பெரிய சிக்கலைத் தீர்த்தேன், கேள். கோட்டை ஓட வேண்டுமானால் 600 கே மெமரி காலியாக இருக்க வேண்டும். மவுஸுக்கு ஒரு டிரைவர் புரோகிராம், சவுண்டு கார்டுக்கு ஒன்று என்று இடத்தை அடைத்துக்கொண்டால் 571தான் மிஞ்சுகிறது. எதை மேலே ஏற்றுவது, எதை முதலில் ஏற்றுவது என்று இரண்டு வாரம் மாற்றி மாற்றி எழுதினேன். கடைசியில் 608! இப்போது போன் வாங்குகிற பிள்ளைகளுக்கு எட்டு ஜிபி, பன்னிரண்டு ஜிபி. அவர்களுக்கு இந்த எட்டு கே-யின் ருசி தெரியாது. அப்புறம் சவுண்டு கார்டும் பிரிண்டரும் ஒரே வழியில் மோதிக்கொண்டு சத்தம் விக்கியது. கார்டிலிருக்கும் ஜம்பரை, அந்தக் குட்டிப் பிளாஸ்டிக் மூடியை, மாற்றி வைத்தேன், சரியாயிற்று. பாதாளத்தில் தண்ணீர் சொட்டுமே, அந்தச் சத்தத்தை நேற்றுக் கேட்டேன். உன் ஞாபகம்தான்.

இணையத்தில் இதெல்லாம் சும்மா கிடைக்கிறது, புது லேப்டாப்பிலேயே ஆடலாம் என்று சர்ச்சில் ஞானையா பிரதர் சொன்னார். ஆடலாம்தான். ஆனால் அந்தக் கனத்த கண்ணாடித் திரையில் பச்சையும் பழுப்பும் லேசாகக் கசிந்து சுவர் நிஜக் கல்லாக நிற்கும். புதுத் திரையில் அது வெறும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் “வயசான காலத்துல” என்று ஆரம்பிக்கிறார்கள்.

ஏழாம் தளத்தில் நான் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறேன். நடப்பதும் சுடுவதும் நான், வரைவதும் நான் என்றால் முடியவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். ஒரு ஹால், ஒரு அறை, தனி சமையல்கட்டு. நீ ஏன் இங்கே வந்துவிடக்கூடாது? உதயா மாட்டேன் என்று சொல்லமாட்டான். சாயங்காலம் நாலரைக்கு நீ கீழே வா, டீ போடுகிறேன். முன்பு மாதிரியே விளையாடலாம். மிச்சமிருக்கும் தளங்களை இரண்டு பேருமாக முடிக்கலாம்.

யோசித்து எழுது. அதிகம் யோசிக்காதே.

அன்புடன்,
சாராள்


புனே,
11.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். யாராவது என்னை வா என்று கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று! உதயாவிடம் சொன்னேன். “உங்களுக்கு சந்தோஷம்னா போங்கம்மா, நான் மாசாமாசம் வந்து பாக்கறேன்” என்றான். எனக்குத்தான் அழுகை வந்தது.

ஆனால் வருவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வயதில் சொல்லாமல் எப்போது சொல்வது?

அக்கா, எனக்கு அந்த விளையாட்டு ஒருநாளும் பிடித்ததில்லை. சுவர் திரும்பத் திரும்ப எனக்குத் தலை சுற்றும். அந்தப் பூதம் திடீரென்று முன்னால் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். படம் வரைந்தது திரையைப் பார்க்காமலிருக்கத்தான்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பொழிச்சலூர் போக எனக்குக் கால் வராது. உதயாவின் அப்பா வீட்டில் இருப்பார். அவர் குணம் உங்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தீர்கள். ஒருநாள் நான் வலது கையில் கட்டோடு வந்தேன். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பென்சிலை எடுத்து நீங்களே வரைய ஆரம்பித்தீர்கள். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் உடைந்து போயிருப்பேன். நீங்கள் கேட்காமலிருந்ததே எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது. உங்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம். மின்விசிறி, டீ, நீங்கள் “இடது பக்கம் கதவு, குறிச்சுக்கோ” என்பது. அதற்காகத்தான் வந்தேன். நான் ஏதேதோ பேசிக்கொண்டே இருப்பேன், நீங்கள் உம் உம் என்பீர்கள்.

அப்போது அது போதுமாக இருந்தது. இப்போது போதாது. இங்கே பகல் முழுக்க ஒரு டிவி திரை, ராத்திரி அவர்கள் இருவர் கையிலும் ஒவ்வொரு திரை. அங்கே வந்தும் நான் திரைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டுமென்றால் எதற்கு வரவேண்டும்? நீங்கள் விளையாடுவதை விட வேண்டாம். பகலெல்லாம் ஆடுங்கள். சாயங்காலம் மட்டும் மூடிவிட்டு என்னோடு உட்காருவீர்களா? ஸ்டேஷன் வரை நடக்கலாம். பேசலாம். நீங்களும் பேச வேண்டும்.

உங்கள் பதில் வந்ததும் டிக்கெட் எடுக்கச் சொல்கிறேன்.

உங்கள்,
சந்திரிகா


இரும்புலியூர்,
20.10.2024

சந்திரிகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பிடிக்காத ஒன்றை நான்கு வருஷம் பிடித்த மாதிரி உட்கார்ந்து செய்திருக்கிறாய். எனக்காகப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி.

ஏழாம் தளத்திலிருந்து மிச்சத்தையெல்லாம் நானே முடித்துவிட்டேன். யாரும் வரைந்து தரத் தேவைப்படவில்லை. கடைசிக் கதவு திறந்ததும் வாழ்த்துகள் என்று நான்கு வரி வந்தது. அவ்வளவுதான்.

மாடிக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். இந்த வயதில் நிபந்தனை போட்டுக்கொண்டு ஒருவரோடு ஒருவர் இருப்பது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

சாராள்


புனே,
6.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களைப் புண்படுத்திவிட்டேன் என்று தெரிகிறது. நான் அதை நிபந்தனையாக எழுதவில்லை, ஆசையாகத்தான் எழுதினேன். என் எழுத்து சரியில்லை போலிருக்கிறது.

நான் சொல்வதற்கு முன்பே உதயா டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். கேன்சல் செய்யச் சொல்லிவிட்டேன். “என்னாச்சும்மா?” என்றான். குளிர்காலம் முடியட்டும் என்றேன். முடிந்தாலும் வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும்.

உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த நான்கு வருஷமும் நான் பிழைத்துக் கிடந்தது உங்கள் முன்னறையில்தான். அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலம், அந்தப் பழைய வயரிங்கில் ஈரக்கையோடு எதையும் தொடாதீர்கள்.

சந்திரிகா


இரும்புலியூர்,
14.1.2025

என் அன்புள்ள சந்திரிகாவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு உனக்குக் கார்டு வாங்கினேன். என்ன எழுதுவதென்று தெரியாமல் மேஜையிலேயே கிடக்கிறது. ஒரு லீவு நாளில் போன் செய்தேன், வெண்ணிலா எடுத்தாள். அத்தை தூங்குகிறார்கள் என்றாள். பகல் பதினோரு மணிக்கு நீ தூங்கமாட்டாய். பரவாயில்லை.

கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். இன்று காலையும் ஆடினேன். அதை விடமுடியாது. என் கைக்கு அது பழகிவிட்டது, என் மனதுக்கும். ஆனால் சாயங்காலம் நாலரைக்கு மூடிவிடுகிறேன். யாரும் சொல்லாமலே மூடுகிறேன். மூடிவிட்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. ஸ்டேஷன் வரை நடந்து பார்த்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டவே கால் மணி நேரம் ஆகிறது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். பொத்தேரி காலேஜ் பிள்ளைகள் கூட்டமாக இறங்கிக் கத்திக்கொண்டு போனார்கள். ஒரு பெண் “ஆன்ட்டி, யாருக்காக வெயிட் பண்றீங்க?” என்று கேட்டாள். “யாருக்காகவும் இல்லம்மா” என்றேன். வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மாடியைக் கேட்டு மூன்று குடும்பம் வந்துவிட்டது. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன்னை மறுபடி கூப்பிட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அதனால் கூப்பிடவில்லை.

வேறொன்று கேட்கிறேன். கோட்டையின் பதினோரு தளத்தையும் கண்ணை மூடிக்கொண்டு என்னால் நடந்துவிட முடியும். எந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்வேன். ஆனால் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தாய் என்று எழுதியிருக்கிறாயே, அதில் ஒரு வார்த்தைகூட எனக்கு நினைவில் இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். உன் வளையல் சத்தம்தான் கேட்கிறது. பேச்சு வரவில்லை.

ஏதாவது ஒரு சாயங்காலம் நீ என்ன சொன்னாய் என்று எனக்கு எழுது. சின்ன விஷயமாக இருந்தாலும் போதும்.

உன்,
சாராள்