சுன்ஜா அம்மா திருப்பிச் சொன்ன சொல்

கல்முனைக்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்குரிய சுன்ஜா அம்மா அவர்களுக்கு,

அல்லாஹ்வின் அருளால் நானும் மகள் நிப்லாவும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். நான் றுமைஸின் மனைவி பாஹிமா. எனக்குக் கொரிய மொழி எழுதத் தெரியாது. இதை அவரே வாசித்து உங்களுக்குச் சொல்லுவார். வெட்கப்பட்டு எதையும் விட்டுவிடக் கூடாது என்று அவருக்கும் இதிலேயே சொல்லிவைக்கிறேன்.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வழமைபோல் அவருக்குப் போன் எடுத்தேன். பேசியது நீங்கள். பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம். வேகமாக ஏதோ சொன்னீர்கள். றுமைஸ் என்ற பெயரைத் தவிர ஒன்றும் விளங்கவில்லை. அப்போதுதான் என் வாயில் அந்தச் சொல் வந்தது. 'சாரா இஸ்ஸோயோ?' உயிரோடு இருக்கிறாரா? நீங்கள் சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெதுவாக, கேள்வியாக இல்லாமல் பதிலாக அதையே திருப்பிச் சொன்னீர்கள். உயிரோடு இருக்கிறார்.

அந்தச் சொல் எனக்கு எப்படித் தெரியும் என்று அவரிடம் கேட்டீர்களாம். நான் தைக்கிற கடையில் பாண்டிருப்புக் கிருசாந்தியும் வேலை செய்கிறாள். 'உன்ட மனிசன் இருக்கிற நாடுதானே, பாரு புள்ள' என்று தன் போனில் ஒரு கொரிய நாடகம் காட்டினாள். இறந்தவர்களை அழைத்துப்போக வரும் ஒருவனுக்கு, உயிருள்ள பெண்மீது விருப்பம் வந்துவிடுகிறது. அவன் கைபட்டால் உயிர் போய்விடும். அதனால் நாடகம் முழுக்க அவளுக்கு ஓரடி தள்ளியே நடக்கிறான். எங்கே விபத்து நடந்தாலும் அவள் ஓடிவந்து அவனிடம் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

'இது போன பிறவித் தொடர்பு' என்பாள் கிருசாந்தி. எங்கள் மார்க்கத்தில் போன பிறவி இல்லை, அல்லாஹ் எழுதியது என்பேன் நான். இதைக் கதைத்துக் கதைத்தே தையல் கோணி, முதலாளியிடம் இருவரும் ஏச்சு வாங்கியிருக்கிறோம்.

தொழிற்சாலைச் சமையலறையில் பன்றி இறைச்சி படாமல் அவருக்குத் தனிச் சட்டியில் சமைப்பது நீங்கள் என்று முன்பே தெரியும். இரும்புத் தகடு அவர்மேல் சரிந்தபோது முதலில் ஓடிவந்ததும், நினைவு திரும்பும்வரை நான்கு நாள் பக்கத்தில் இருந்ததும் நீங்கள்தானாம். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார் என்றால் அல்லாஹ்வுக்கு அடுத்து உங்களால்தான். கிருசாந்தியின் தம்பி வினோஜ் அடுத்த மாதம் அங்கே வேலைக்கு வருகிறான். மருதமுனைத் தறியில் நெய்த போர்வை ஒன்று கொடுத்துவிடுகிறேன். உங்கள் குளிருக்குப் போதுமோ தெரியாது.

நேற்றுத்தான் அவர் ஒன்று சொன்னார். ஆஸ்பத்திரிப் படிவத்தில் உறவு என்ற இடத்தில் நீங்கள் 'தாய்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தீர்களாம். 'பிள்ளை குட்டி இல்லாத நான் அவசரத்துக்கு அப்படி எழுதிவிட்டேன்' என்று பிறகு மன்னிப்பும் கேட்டீர்களாம். அவருடைய உம்மா மௌத்தாகி, அடக்கம் செய்து ஒன்பது வருடம்.

மன்னிப்புக் கேட்க வேண்டாம். எங்கள் ஊரில் கணவனின் தாயை மாமி என்போம். அவர் லீவில் வரும்போது நீங்களும் கூட வாருங்கள். நிப்லாவுக்கு உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று நான் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் தரட்டும், மாமி.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
பாஹிமா