டிஃப்யூசர் கழன்ற வெயில்

மே 6, செவ்வாய்
கிண்டி போய்ச் சேர்வதற்குள் புடவை நனைந்துவிட்டது. என்ன வெயில்! வேலை நன்றாகப் போகிறது. காரின் முகப்பில் வைக்கும் லேசர் சென்சாருக்கு நான் வடிவமைத்த டிஃப்யூசர் இரண்டு கார்களில் ஓடுகிறது. நகத்தளவு பிளாஸ்டிக் தகடுதான். லேசரை விசிறிபோல் விரித்துவிடும். விரிந்தால்தான் தெருவில் போகிறவர்கள் கண்ணுக்கு ஆபத்தில்லை. சனிக்கிழமை புனேயிலிருந்து கார் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள்.

மே 8, வியாழன்
ஷரஃபுதீன் கண். எப்படி எழுத.

வெயிலில் நின்ற முதல் காரில் சென்சார் கோளாறு. லென்ஸ் பொருத்தும் ஷரஃபுதீன், என் பக்கத்து மேஜைக்காரர், குனிந்து கிட்டத்தில் பார்த்தார். டிஃப்யூசர் இருக்கிற தைரியம், பாதுகாப்புக் கண்ணாடி போடவில்லை. அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது. வலிக்கவும் இல்லையாம். நிமிர்ந்து கண்ணைக் கசக்கினார்.

"இன்னாம்மா இது, நடுவுல கறுப்பா ஒண்ணு நிக்குது?"

சென்சாரை அணைத்துத் திறந்தேன். பசை இளகி, தகடு கழன்று உள்ளே விழுந்து கிடந்தது. என் தகடு.

அப்புறம்தான் உறைத்தது — இன்னொரு கார்! டிரைவர் பிரபு அதை தி. நகரில் ஓட்டிக்கொண்டிருந்தான். போன் போட்டேன்.

"உஸ்மான் ரோட்ல மாட்டிக்கினு கீறேன் மேடம். ஒரே கூட்டம். ஒரு கொழந்த சென்சாராண்ட மூஞ்ச வச்சு வெளையாடினு கீது."

"ஆஃப் பண்ணு! பிரபு, ஆஃப் பண்ணு!"

ஏன் என்று அவன் கேட்கவில்லை. "பண்ட்டேன் மேடம்."



மே 9, வெள்ளி
வலது கண். விழித்திரையின் நடுவில் தீய்ந்த புள்ளி. பார்வை திரும்பாது என்கிறார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஷரஃபுதீன் மனைவி நஸ்ருன்னிசா என்னையே பார்த்தார். "இப்டி ஆவும்னு உங்களுக்கே தெரியாதாம்மா?"

"தெரியாதுக்கா."

அதைச் சொல்லும்போது எனக்கே அசிங்கமாக இருந்தது. சூட்டில் வைத்துச் சோதித்தோமே. கறுப்புக் காரின் முகப்பில் மே மாதச் சூடு எவ்வளவு ஏறும் என்று ஏன் தோன்றவில்லை?

இரண்டாவது காரில் தகடு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. கழலவில்லை. அந்தக் குழந்தை... கடவுளே.

மேனேஜர் கருணாகரன் சார் கூப்பிட்டார். "வேற பசை போட்டு ஒட்டிரு. நாளைக்கு காட்டிடலாம். இத வெளிய பேச வேணாம்."

"காட்டினா, நடந்ததையும் நான் சொல்லிடுவேன் சார்."

மே 10, சனி
சொன்னேன். கழன்ற தகட்டை மேஜைமேல் வைத்துச் சொன்னேன். புனேக்காரர்கள் எழுந்து போனார்கள். கருணாகரன் சார் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 2, திங்கள்
புனே ஆர்டர் கைவிட்டுப் போய்விட்டது. என் வேலை போகவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஷரஃபுதீன் வந்துவிட்டார். மைக்ரோஸ்கோப்பில் இடது கண்ணை வைத்துப் பழகுகிறார். "இந்தக் கண்ணு சோம்பேறிம்மா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்
புது டிஃப்யூசர் தயார். தகட்டின்மேல் மெல்லிய மின்கோடு ஒன்று ஓடுகிறது. தகடு விரிசல் விட்டாலோ நகர்ந்தாலோ கோடு அறுந்து லேசர் அணைந்துவிடும். சோதிக்க ஷரஃபுதீனே கேட்டு வாங்கிக்கொண்டார். பக்கவாட்டில் நின்று, ஸ்க்ரூடிரைவரால் தகட்டை நெம்பினார். லேசரை அளக்கும் மீட்டர் உடனே பூஜ்யத்துக்கு இறங்கியது.

"ஆஃப் ஆய்டிச்சு" என்றார்.

சொன்னாரே தவிர, அதன் எதிரில் போய் நிற்கவில்லை. நானும்தான்.