இரண்டு பக்கமும் மச்சம்

மார்ச் 4

என் படம் முதல் தடவையிலேயே தேறிவிட்டது. படுக்கையறைக் கதவில் வெள்ளை விரிப்பை மாட்டி, சன்னலைப் பார்த்து நின்றேன். இவர் கைப்பேசியில் எடுத்தார். பாஸ்போர்ட் தளத்தில் ஏற்றியதும் பச்சை எழுத்தில் 'ஏற்கப்பட்டது' என்று வந்தது. என் மூஞ்சியை இவ்வளவு சீக்கிரம் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. மாமியாருக்கே இரண்டு வருடம் ஆனது.

இவர் படம்தான் பாடாய்ப்படுத்துகிறது. முதலில் பின்னால் நிழல் விழுகிறது என்றது. விரிப்பிலிருந்து தள்ளி நிற்க வைத்தேன். விரிப்பில் மடிப்பு தெரிகிறது என்றது. கழற்றி இஸ்திரி போட்டு மறுபடி மாட்டினேன். கோப்பு பெரிது என்றது. சுருக்கினால் தெளிவில்லை என்றது. எல்லாவற்றையும் சரிக்கட்டிய பிறகு கடைசியாக வந்ததுதான் உச்சம்: 'முகபாவம் இயல்பாக இல்லை. புன்னகைக்காமல் மீண்டும் எடுக்கவும்.'

இவர் எங்கே புன்னகைத்தார்? போன மழைக்காலத்தில் ஒரு காலை, வாய் கொப்பளித்த தண்ணீர் வலப்பக்கமாக ஒழுகியது. முகவாதம். அன்றிலிருந்து முகத்தின் வலது பாதி இவர் பேச்சைக் கேட்பதில்லை. மாத்திரை, பயிற்சி எல்லாம் ஆகி முக்கால்வாசி தேறிவிட்டார். ஆனால் வாய் மட்டும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே நிற்கிறது. சும்மா இருந்தாலும் யாரையோ கேலி செய்கிற மாதிரி இருக்கும். வலக்கண்ணில் நீர் வடியும்.

"எனக்கு இயல்பே இதுதான்னு அதுகிட்ட சொல்லு" என்றார். உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

மார்ச் 5

மகள் கூப்பிட்டாள். ஆறாம் மாதம். பிரசவத்துக்கு இரண்டு பேரும் கட்டாயம் வந்துவிட வேண்டும் என்கிறாள். பிள்ளை பெறுகிற இடத்தில் நான் போதாதா? போதாதாம். சின்ன வயதில் ஊசி போடப் போனாலும் அப்பா கையைத்தான் பிடித்துக்கொள்வாள். பாஸ்போர்ட் புதுப்பித்து வந்தால்தான் விசாவுக்கே எழுத முடியும். இங்கே படத்திலேயே நிற்கிறோம்.

வீடியோவில் அவளுக்கு நான் தெரிவேன். போனை இவர் கையில் கொடுத்ததும் மின்விசிறிதான் தெரியும். கை வலிக்கிறது, மேசைமேல் வைத்திருக்கிறேன் என்பார். மாசமாக இருக்கிறவள் பயந்துவிடுவாள், மூச்சு விடாதே என்று என் வாயையும் அடைத்து வைத்திருக்கிறார். எனக்குப் பொய் சொல்ல வராது. பேச்சை மாற்றத்தான் வரும்.

"ஃபேன்ல எவ்ளோ தூசிம்மா. யாராவது தொடைங்களேன்" என்றாள். துடைத்துவிட்டேன்.

மார்ச் 7

மூக்குக்கண்ணாடிக் கடையில் இத்தனை காலம் வேலை செய்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன்: யாருக்கும் இரண்டு காதும் ஒரே உயரத்தில் கிடையாது. பிரேமின் ஒரு காலைக் கொஞ்சம் வளைத்துத்தான் மாட்டிவிடுகிறோம். அவர்களோ தங்கள் முகம் நூல் பிடித்த மாதிரி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு போவார்கள். போகட்டும்.

வேலை முடிந்து இவரை ஸ்டுடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது மாடி. இவர் லிஃப்ட் மெக்கானிக். முன்பெல்லாம் லிஃப்டில் ஏறினால் சத்தத்தை உற்றுக் கேட்டு, அதற்கு என்ன நோய் என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வருவார். இப்போது கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் விளக்கு வைத்துப் பொறுமையாக எடுத்தார். "எங்கிட்ட விட்டுடுங்கக்கா. நாளைக்கு அனுப்புறேன்" என்றார்.

மார்ச் 8

தேறிவிட்டது! பச்சை எழுத்து! இவர் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். வாய் நேர். கண் நேர். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

பிறகுதான் பார்த்தேன். இடக்கன்னத்து மச்சம் வலக்கன்னத்திலும் இருக்கிறது.

நல்ல பாதியை எடுத்துத் திருப்பி மறுபாதியில் ஒட்டியிருக்கிறார் அந்தப் புண்ணியவான். காது இரண்டும் ஒரே உயரம். தலையின் வகிடு நட்ட நடுவில். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் பார்க்காத ஆள் ஒருத்தன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மார்ச் 9

சண்டை.

திருத்திய படத்தைக் கொடுத்தால் விண்ணப்பமே ரத்து என்று தளத்தில் போட்டிருக்கிறது. நேரில் போனால் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கண் இருக்காதா என்று கேட்டேன். மச்சத்தை ஒன்று அழித்துவிட்டால் ஆயிற்று என்கிறார். ஏன் இந்தப் பிடிவாதம் என்று புரியவில்லை. கேட்டுக்கேட்டு நச்சரித்ததும் வந்தது. விசாவுக்காக அதே படத்தை மகளுக்கும் அனுப்பவேண்டும் இல்லையா?

"பாப்பாவுக்குத் தெரிஞ்ச அப்பா இவன்தான்" என்றார்.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ. அழுகையும்தான். "அப்போ ஏர்போர்ட்ல அவ இவனைத் தேடிட்டு நிப்பா. இவன் வரமாட்டான். நீங்கதான் வரணும்" என்றேன்.

எழுந்து போய்விட்டார். நான் இப்படிப் பேசியிருக்க வேண்டாமோ? — இல்லை, பேசத்தான் வேண்டும். எத்தனை நாளைக்கு மின்விசிறியையே காட்டுவார்?

மார்ச் 10

பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாடு உண்டு.

மார்ச் 11

மதிய இடைவேளையில் கடைக்குப் பின்னால் நின்றுகொண்டு உதவி எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் பேசினாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் முகத்தில் பாதிப்பு ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி வருமே, அதற்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டாள். 'ஆம்' என்று போட்டால் படத்தைக் கணினி சோதிக்காதாம், ஆள்தான் பார்ப்பார்களாம். டாக்டர் சீட்டு ஒன்று போதுமாம்.

இவர் விண்ணப்பத்தை இவரேதான் நிரப்பினார். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். 'இல்லை.'

கூசாமல் 'இல்லை' என்று போட்டிருக்கிறார். நல்ல முகம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் கோணல் வாயோடு போய் நின்றால் அந்தக் கணினிதான் என்ன செய்யும், பாவம். சிரிக்காதே சிரிக்காதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறது. கோபப்படலாம் என்றுதான் ஆரம்பித்தேன். அந்த 'இல்லை'யைப் பார்க்கப் பார்க்கக் கோபம் எங்கோ போய்விட்டது. யாரிடம் சொல்லிக்கொண்டார் அதை?

அந்தப் பக்கத்தை அப்படியே இவர் முன்னால் திறந்து வைத்தேன். உதவி எண்ணில் சொன்னதைச் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். கழுவிய தட்டையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

"வந்து பாரு" என்றார்.

'ஆம்' என்றிருந்தது. நான் கை வைக்கவில்லை. இவரேதான் மாற்றினார்.

மார்ச் 12

ஸ்டுடியோவுக்கு இவரே தனியாகப் போய் முதலில் எடுத்த படத்தை வாங்கிவந்தார். நல்லதுதானே செய்தோம் என்று நினைத்த ஸ்டுடியோக்காரர் சங்கடப்பட்டாராம். "தப்பில்ல தம்பி, எனக்கே அது புடிச்சிருந்துச்சு" என்று இவர் சமாதானம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

ஒட்டு வேலை இல்லாத படம். நன்றாகத்தான் இருக்கிறது. கோணல்தான், ஆனால் இவர்.

மார்ச் 19

அலுவலகத்தில் நேர்முகம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் திரையைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். இவர் கைக்குட்டை வாய்வரை போனது. பிறகு தானாகவே இறங்கியது.

"சரியா இருக்கு சார். நீங்கதான்" என்றாள். டாக்டர் சீட்டைச் சேர்த்துக் குத்தி அனுப்பிவிட்டாள். இவ்வளவுதானா? இதற்கா இத்தனை பாடு?

இறங்கும்போது லிஃப்டில் கண்ணாடிப் பக்கம் திரும்பி மீசையைத் தடவிக்கொண்டார். "கதவு உரசுது, ரோலர் தேஞ்சிருக்கு" என்றார். எத்தனை நாளாயிற்று, இவர் வாயால் ஒரு லிஃப்டின் நோயைக் கேட்டு.

ஏப்ரல் 2

பாஸ்போர்ட் இரண்டும் வந்துவிட்டன. என் படத்தில் நான் போலீசில் பிடிபட்டவள் மாதிரி இருக்கிறேன். முதல் தடவையிலேயே தேறிய அழகு அதுதான்.

தன் பக்கத்தைப் படமெடுத்து மகளுக்கு இவரே அனுப்பினார். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடனே கூப்பிட்டாள், வீடியோவில். நான் எடுக்கப் போனேன். இவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். போன் விட்டத்தைப் பார்க்கத் திரும்பவில்லை. மூக்கும் மீசையும் மட்டும் தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில் பிடித்திருந்தார். நான்தான் கையைத் தள்ளி வைத்தேன்.

அவள் திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"நீங்க என்னைப் பாப்பான்னு கூப்பிடுறது கொழகொழன்னு மாறின அன்னிக்கே ஏதோ ஆயிருக்குன்னு தெரியும்பா. நீங்களா காட்டட்டும்னு இருந்தேன்" என்றாள். "சீக்கிரம் வாங்க."

இத்தனை மாதம் நாங்கள் இங்கே கட்டிக்காத்த ரகசியம்!

பேசி முடித்ததும் இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகவாதக் கண், எப்போதும் வடிவதுதான் என்றார். வாதம் வலக்கண்ணில். துடைத்தது இரண்டையும். பரண்மேல் இருக்கிற பெட்டிகளை இறக்கச் சொன்னேன்.