பதினாறு ஞாயிறுக்கான குழம்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா, இல்லை பேப்பரில் மூழ்கி மறந்துவிடுகிறாரா?

வந்து சேர்ந்ததும் மூன்று நாள் தீர யோசித்து ஒரு முக்கியமான முடிவெடுத்தேன். நீ கட்டிக் கொடுத்த குழம்பை ஞாயிற்றுக்கிழமை மட்டுமே சாப்பிடுவது. அது கெடாமலிருக்க, எங்கள் தொழிற்சாலையில் விண்வெளிக்குப் போகிறவர்களின் சாப்பாட்டை உலர்த்தும் இயந்திரத்தில் ஒரு தட்டு இடம் கேட்டு வாங்கி, பதினாறு பொட்டலமாக்கினேன். வெந்நீர் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் குழம்பு உயிர் பெற்றுவிடுகிறது.

நேற்று ஞாயிறு ஷிப்டில், சாப்பாட்டு நேரத்தில் முதல் பொட்டலத்தைப் பிரித்தேன். வாசனை பிடித்துக்கொண்டு மேலாளர் வந்து, என் தட்டிலிருந்தே ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டார்.

"யார் சமையல்பா இது?"

"எங்கம்மாங்க."

"ஆறு மாசம் ராக்கெட்டுல கிடக்கிறவனுக்கு இதைத்தான் குடுக்கணும். அளவு எழுதி அனுப்பச் சொல்லு."

"அவங்களுக்கு எல்லாம் கண்ணளவுதாங்க."

"அவங்க கண்ணையா ராக்கெட்டுல ஏத்த முடியும்? கிராம் கணக்குல கேளு!"

ஆகவே அடுத்த முறை தராசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமை. ருசி பார்த்துவிட்டு நீ போடும் 'இன்னும் கொஞ்சம்' உப்பையும் எடை போட்டு எழுது. கிளறும்போது அப்பாவை என்ன சொல்லித் திட்டினாய் என்பதையும் எழுது. அது கம்பெனிக்கு வேண்டாம், எனக்கு.

பரிசோதிக்க சாம்பிள் வேண்டும் என்றார். பெருமை தாங்காமல் மீதிப் பொட்டலங்கள் அத்தனையையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். நான் ஊருக்கு வர இன்னும் பதினைந்து ஞாயிறு இருக்கிறது.

உன் சின்னவன்