சிவப்புக் காரின் எட்டு

செவ்வாய், இரவு

மாசாயில் ஒரு கார் கடையில் இன்று இரண்டு பழைய கார்களை ஓட்டிப் பார்த்தேன். விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கு மேல் என்னால் முடியாது. சிவப்புக் காரில் கியரை நாமே மாற்ற வேண்டும். வளைவில் திருப்பியபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மனைவியின் அண்ணன் மெக்கானிக். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "இஞ்சின் நல்லா இருக்கு, கண்ண மூடிக்கிட்டு எடுங்க மச்சான்" என்றார். வெள்ளைக் கார் கியர் மாறும்போதெல்லாம் உதறியது.

என் மனைவி சரசு காரிலிருந்து இறங்கி வந்து நம்பர் பிளேட்டுகளில் இருந்த எண்களைக் கூட்டினாள். சிவப்புக்கு எட்டு, வெள்ளைக்கு ஆறு.

"எட்டு சனி லா. புள்ளைங்கள ஏத்திக்கிட்டு அதுல எப்படிங்க போறது? வெள்ளையவே எடுங்க."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் பிள்ளைகள் என்றதும் எதையும் முடிவு செய்யாமல் வந்துவிட்டேன். நாளை கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சாப்பிட்ட கையோடு வாசலுக்குப் போய் என் மோட்டார் சைக்கிளின் எண்ணைக் கூட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு வருடமாக அதில்தான் பாசிர் கூடாங்கில் உள்ள வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அதுவும் எட்டுதான்.

இதைச் சரசுவிடம் சொன்னால் சிவப்புக் கார் கிடைக்குமா, இல்லை மோட்டாரும் போய்விடுமா?