புதிய ஆட்கள் பத்துப் பேர்

பிப்ரவரி 9
பள்ளிப் பை ஆர்டர் இந்த மாதமும் பாதிதான். இப்படியே போனால் ஆறு மாதம் தாங்காது. புதிய வேலை உருவாக்கும் பட்டறைகளுக்கான அரசு உதவித் திட்டத்து அதிகாரியைப் பார்த்தேன். பட்டறை பெரியதா, சின்னதா என்பதில்லையாம், அதன் வயதுதான் விஷயமாம். இளசுதான் ஆள் சேர்க்குமாம், கிழடு இருக்கிறதைக் கட்டிக்கொண்டு கிடக்குமாம். மூன்று வயதுக்குள் இருந்தால்தான் உதவி. என் பட்டறைக்கு இருபத்திரண்டு. அன்றும் பதினொரு பேர், இன்றும் பதினொரு பேர். மனிதனுக்குத்தான் நரை விழும் என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 15
நரியை நனையாமல் குளிப்பாட்டுவாள் என் மகள். பழையதை மூடிவிட்டு, அவள் பெயரில் புதிதாகத் தொடங்கலாமாம். அதே இடம், அதே மெஷின். ஆனால் பத்துப் பேரைப் புதிதாக எடுக்க வேண்டும். பழைய முகம் ஒன்று தெரிந்தாலும் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள்.
அப்படியானால் அந்தப் பதினொரு பேரில் ஒருத்தியான என் அக்கா?

மார்ச் 1
பட்டறையை மூடுவதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஜிப் தைப்பவர் மட்டும், "நாங்க போனாத்தான் வேலை உண்டாகுமா அண்ணா?" என்று கேட்டார். அக்கா கட்டிங் மேஜையிலிருந்து நிமிரவில்லை. இந்தப் பட்டறையின் முதல் துணியை வெட்டியவள். மூடுவதெல்லாம் காகிதத்தில்தான், கொஞ்ச நாள் பொறு என்றேன் அவளிடம்.
"காகிதத்துலதான்னா, நான் நாளைக்கும் வரலாம்லடா?"
நான் மகளைப் பார்த்தேன். அவள் காகிதத்தைப் பார்த்தாள்.

ஏப்ரல் 20
புதியவர்கள் பத்துப் பேர். இரண்டு பைக்கு ஒன்று கோணல். கத்த வாய் வரவில்லை. அவர்கள் மேல் என்ன தப்பு?

மே 6
அதிகாரி வந்து தலை எண்ணினார். பத்து வேலைகள் உருவாகியிருக்கின்றன என்று எழுதிக்கொண்டார். போன பதினொன்றை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. மகள் இனிப்பு நீட்டினாள். வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டேன்.

மே 7
பாவி நான்.

ஜூலை 2
அக்கா போனை எடுப்பதே இல்லை. அத்தான்தான் சொன்னார்: பேருந்து நிலையத்துக்குப் பின்னால் புதிதாக வந்த பை கம்பெனியில் சேர்ந்துவிட்டாளாம். அங்கே அவள் புதிய ஆள். அவர்கள் உருவாக்கிய வேலைகளில் ஒன்று.

ஜூலை 3
போனேன். கழுத்தில் 'பழகுநர்' அட்டையோடு, நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கட்டிங் வேலை தரவில்லையாம். திட்டமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வந்துவிடு அக்கா என்றேன்.
"நான் வந்தா இங்க கணக்குல ஒரு வேலை குறையும்டா. பழைய முகம்னு உன் கணக்குல ஒண்ணும் ஏறாது."
கோபமே இல்லாமல் சொன்னாள். அடுத்த பையை எடுத்துக்கொண்டாள். நான் வந்துவிட்டேன்.