இடித்துக் கட்டிய சுவர்

1947 பிப்ரவரி 9, ஞாயிறு

தாராவியில் பள்ளிக்கூடம் கட்டுவதற்கு மாட்டுங்காவிலிருந்து குமாஸ்தாக்கள் ஆறு பேர் ஞாயிறுதோறும் போய்வருகிறோம். வடக்குச் சுவர் முழுக்க எங்கள் கைவேலை. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இன்று பேச்சியம்மாள் அதில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நேராக நிற்கிறதா என்று பார்த்தாள். பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள குடிசைகளில் இருப்பவள். சித்தாள் வேலை செய்கிறவள்.

"சாமி, சொவரு சாஞ்சிருக்கு. இடிச்சிரணும்."

எனக்குச் சுருக்கென்றது. "சித்த சாஞ்சா என்னம்மா? பூசினா சரியாயிடும்" என்றேன்.

"எம்மவ இதுக்குக் கீழதான உக்காருவா" என்றாள்.

கடப்பாரையை நானே எடுத்தேன். ஒரே இடியில் மேல்வரிசைகள் பொலபொலவென்று சரிந்தன. மீதியையும் எல்லோருமாக அடிவரை இடித்தோம். பிறகு அவள் கட்டினாள். நான் செங்கல் எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம்வரை முழங்கால் உயரம்தான் வந்தது.

கிளம்பும்போது அவள் பக்கத்தில் வந்து, "நாஞ் சொன்னத மனசுல வச்சிக்கிட்டு வராம இருந்திராதீய" என்றாள்.

பகல் முழுக்க அந்தப் பயத்தோடுதான் செங்கல் வைத்திருக்கிறாள். அதை நினைத்தால் படுக்கப் பிடிக்கவில்லை. வருவேன் என்று சொன்னேன். இன்னும் கொஞ்சம் நன்றாகச் சொல்லியிருக்கலாம்.